ஆவணியில் வேலையில்லாத அணி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு என் போன் அடிக்கும். அந்த நேரம் நான் திருகோணமலை உப்புவெளியில் வேலை செய்கிற விருந்தினர் விடுதியின் குசினியில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடலுக்குப் போயிருப்பார்கள். போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைப்பேன். முதலில் தெரிவது என் தங்கையின் கணவருடைய சப்பாத்து. பிறகு புல். பிறகு வானம்.

"தெரியுதோ மச்சாள்? தெரியுதோ?"

"சப்பாத்து தெரியுது."

ஒருவழியாக அவர் போனை நிமிர்த்திப் பிடிக்க, நாலு வெள்ளைக் கம்பங்கள் வரிசையாகத் தெரியும். நடுவில் இரண்டு உயரக் கம்பங்கள், இரு பக்கமும் இரண்டு கட்டைக் கம்பங்கள். மெல்பேர்ணில் அப்போது பிற்பகல் இரண்டு மணி. அந்த மைதானத்தில்தான் என் பெறாமகள், தங்கையின் ஒரே மகள், பத்தொன்பது வயதுப் பிள்ளை, அவர்கள் ஊர்ப் பெண்கள் அணிக்காக அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் விளையாடுகிறாள்.

நான் ஓ.எல். வரை படித்தவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நடக்கும் நாட்களில் வயிற்றுக்குத்து என்று சொல்லி வீட்டில் நின்றுவிடுவேன். தெருவில் யாரும் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேணும் போல இருக்கும். அப்படிப்பட்ட எனக்கு இந்த விளையாட்டைப் பார்ப்பது முதலில் பயமாகத்தான் இருந்தது. பந்து தேங்காயைப் போல நீளமாக இருக்கிறது. நிலத்தில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம், கையை முட்டியாக்கிக் குத்தியும் அனுப்பலாம். பந்து வைத்திருப்பவளை மற்றவர்கள் கட்டிப்பிடித்து விழுத்தலாம். அது குற்றமில்லை.

என் பெறாமகள் நிற்பது பின்னால், தங்கள் கம்பங்களுக்கு முன்னால். எதிரணி உயர அடிக்கும் பந்து விழப்போகிற இடத்துக்கு அவள் ஓடிப்போய்ப் பாய்ந்து பிடிக்க வேணும். எதிரே யார் ஓடிவருகிறார்கள் என்று பார்க்க நேரமில்லை. கண் பந்தில் இருக்க வேணும். நான் முதன்முதலில் கண்ட அன்று அவள் பின்பக்கமாகவே ஓடி, அண்ணாந்தபடி, இரண்டு பெரிய பெண்களுக்கு நடுவே எழும்பினாள். மூன்று பேரும் விழுந்தார்கள். எழும்பும்போது பந்து அவள் நெஞ்சோடு இருந்தது. நான் கையில் இருந்த கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அது உடையவில்லை என்பது மட்டும் தெரியும்.

"யா அல்லாஹ், இது ஒங்கட குடும்பத்துப் புள்ளதானா?" என்று பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற ராத்தா கேட்டார். ராத்தா மூதூரில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், எங்கள் விடுதியின் சமையற்காரி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். "நீங்க கோழியப் புடிக்கவே பயப்படுற ஆளு."

போன வருஷம் அந்த அணி ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. நன்றாக விளையாடிய மூத்த பெண்கள் சிலருக்குப் பிள்ளைகள் பிறந்தன, சிலர் தூரத்துக்கு வீடு மாறிப் போனார்கள். மிச்சம் நின்றவர்களோடு, பந்தை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாத புதுப் பிள்ளைகளைச் சேர்த்து அணியைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். பயிற்சியாளர் ஒரு பஸ் சாரதி, தோள் அகன்ற பெண். மூன்று வருஷம் தாருங்கள், அதுவரைக்கும் புள்ளிப் பலகையைப் பார்க்காதீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டாராம்.

நான் பார்த்தேன். எத்தனை புள்ளியால் தோற்றார்கள் என்பதைக் குசினிக் கலண்டரில் அந்தந்த ஞாயிற்றுக்கிழமையின் மூலையில் பென்சிலால் எழுதினேன். தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு. நூற்றிரண்டு. முதலாளி கண்டு, இதென்ன, பிரஷரா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றுவிட்டேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அதை விளங்கிக்கொண்ட நாளில் நான் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே பந்தை அடித்தால் ஆறு புள்ளி. தவறி, பக்கத்தில் நிற்கும் கட்டைக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் நடுவே போனால் ஒரு புள்ளி. கிட்டப்போய்ப் பிழைவிட்டதற்கும் ஒன்று கொடுக்கிறார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் கம்பங்களுக்கு நடுவே நின்று, ஒற்றை விரலை நீட்டி அதைக் காட்டுகிறார். அந்த ஒற்றை விரலைக் காணும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் படித்த கணக்குப் பாடத்தில் கிட்டத்தட்டச் சரியான விடைக்கு ஒன்றும் கிடைத்ததில்லை.

இந்த வருஷம் சித்திரையில் மெல்பேர்ணில் இருந்து ஒரு வயதான மனிதர் விடுதிக்கு வந்து தங்கினார். என் போனில் சத்தம் கேட்டுக் குசினி வாசலுக்கே வந்துவிட்டார். நான் போனைத் துணியால் மூடினேன். அவர் சிரித்து, திறக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, வாசற்படியில் குந்திக்கொண்டார். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீசில் நான் விளங்கிக்கொண்டது இதுதான்: அவருடைய அணி பெரிய அணி, தொலைக்காட்சியில் வருகிற அணி, அதுவும் பல வருஷமாகத் தன்னைத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு அணி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிய வேணுமென்றால் வெற்றியைப் பார்க்காதே, நாலு பகுதி ஆட்டத்தில் கடைசிக் காற்பகுதியில் எப்படித் தோற்கிறார்கள் என்று பார் என்றார். கால் ஓய்ந்த பிறகும் ஒருத்தி விழுந்தால் மற்றவள் ஓடி வருகிறாளா என்று பார்.

அதற்குப் பிறகு நான் அதைத்தான் பார்த்தேன். போன வருஷம் கடைசிக் காற்பகுதியில் எங்கள் பிள்ளைகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். இந்த வருஷம் யாரும் நிற்கவில்லை. என் பெறாமகள் விழுந்தால், ஒரு கட்டைப் பிள்ளை, சுருட்டைத் தலைமயிர்க்காரி, எங்கிருந்தோ ஓடிவந்து பந்தின் மேலேயே விழுந்தாள். கலண்டரில் இலக்கங்கள் சுருங்கின. நாற்பது. இருபத்தேழு. பன்னிரண்டு. ஒரு ஞாயிறு ஒன்று. ஒரே ஒரு புள்ளி. அதற்கு அடுத்த ஞாயிறு நான் இலக்கம் எழுதவில்லை. ஒரு சின்ன நட்சத்திரம் போட்டேன். ராத்தா அன்று எங்கள் இரண்டு பேருக்கும் இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தார்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேணும்.

அப்பா போன ஆவணியில் காலமானார். தங்கை குடும்பத்துக்கு அப்போது வர முடியவில்லை. வருஷம் திரும்பும் ஆட்டைத் திவசத்துக்கு மூன்று பேரும் கட்டாயம் வருவதாகச் சொன்னார்கள். பெறாமகளை நான் கடைசியாகக் கண்டது பன்னிரண்டு வயதில் அவள் லீவுக்கு வந்தபோது. ஏழு வருஷம். என் கட்டிலில் என்னோடு படுத்து, என் தலைமயிரைப் பின்னி விளையாடிய பிள்ளை. தைமாதமே டிக்கெட் போட்டுவிட்டார்கள். திவசம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அணிகளில் முதல் நாலு இடத்துக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கிழமையின் ஞாயிறுதான் இறுதிச் சுற்று தொடங்கும் என்று என் பெறாமகள் அப்போது சொல்லியிருக்கிறாள். தங்கையின் கணவர் சிரித்தாராம்.

"உங்கட ரீமுக்கு ஆவணியில என்ன வேலை? போடுங்கோ டிக்கெட்டை."

அவளும் சிரித்தாளாம். இந்த அணியை நம்பி, அது தோற்கும் என்று நம்பி, நாள் குறித்தார்கள்.

ஆனியில் அணி ஆறாம் இடத்தில் நின்றது. ஆடியில் ஐந்தாம் இடம். ஒவ்வொரு நட்சத்திரமும் போடும்போது எனக்குச் சந்தோசம் வரும், பிறகு வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது அது மெல்ல இறங்கும். அவர்கள் கிட்ட வர வர அவள் எட்டப் போகிறாள் என்பது எனக்கு விளங்கியிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கென்று புதுப் பாயும் தலையணையும் வாங்கி வைத்திருந்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நகரத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அந்த ஆட்டத்தில் வென்றால் நாலாம் இடம். தோற்றால் ஐந்தாம் இடம், எல்லாரும் விமானம் ஏறுவார்கள். நான் எதற்குப் போனேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவர்கள் தோற்க வேணும் என்று கேட்கத்தான் போனேன்.

அருச்சனைத் தட்டை வாங்கிய ஐயர், "ஆருக்கு?" என்றார்.

"ஒரு... விளையாட்டு அணிக்கு."

"அணிக்கோ? பேர், நட்சத்திரம்?"

"நட்சத்திரம் தெரியாது ஐயா."

"எப்ப தொடங்கின அணி? நாளைச் சொன்னால் பார்க்கலாம்." அவர் பகிடியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். பின்னால் நின்றவர்கள் பார்ப்பது எனக்கு முதுகில் சுட்டது.

"என்ட பெறாமகளும் அதில விளையாடுறா. அத்த நட்சத்திரம்."

"அப்படிச் சொல்லுங்கோ. அவவின்ர பேரில செய்வம். என்ன வேண்டுதல்? வெல்லோணுமோ?"

நான் வாயைத் திறந்தேன். அவளுடைய பேரைச் சொல்லி, அவளுடைய நட்சத்திரத்தைச் சொல்லி, அவள் தோற்க வேணும் என்று எப்படிக் கேட்பது? பந்தைப் பார்த்தபடி பின்பக்கமாக ஓடிய அந்த முகம் கண்ணுக்குள் வந்தது.

"நல்லபடியா முடியோணும்" என்றேன்.

"அது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று சொல்லிவிட்டு ஐயர் உள்ளே போனார்.

அந்த ஞாயிறு அவர்கள் வென்றார்கள். கடைசிக் காற்பகுதி முழுவதும் எதிரணி அடித்துக்கொண்டே இருந்தது. என் பெறாமகளும் அந்தக் கட்டைப் பிள்ளையும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். தங்கையின் கணவர் போனைப் பிடித்தபடி கத்தியதில் எனக்குப் பாதி ஆட்டம் ஆகாயமாகத்தான் தெரிந்தது. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியதும் பதினாறு பிள்ளைகளும் ஒருத்தி மேல் ஒருத்தியாக விழுந்தார்கள். போன வருஷம் நூறு புள்ளியால் தோற்றவர்கள். ஒரு வருஷத்துக்குள் மனிதர் இப்படி மாற முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"ஒங்கட நேத்திக்கடன் பலிச்சிட்டா, பிழைச்சிட்டா?" என்று ராத்தா கேட்டார். நான் சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அன்றிரவு வரை காத்திராமல் பிற்பகலே தங்கை போன் எடுத்தாள். "அக்கா, நான் இவளை இழுத்துக்கொண்டு வாறன். அப்பாட திவசம். விளையாட்டோ பெரிசு?"

"அவள் என்ன சொல்லுறாள்?"

"நீங்கள் சொன்னால் வாறாளாம். உங்களுக்குச் சத்தியம் பண்ணினவளாம். இந்தாங்கோ, கதையுங்கோ."

பெறாமகளின் முகம் வந்தது. மேலுதடு வீங்கியிருந்தது. "பெரியம்மா, நான் வாறன். ப்ரொமிஸ் பண்ணினனான். நீங்க ஒண்டும் யோசிக்காதேங்கோ."

வா என்பது ஒரே ஒரு எழுத்துத்தான். அவள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒருவரையும் மறுத்துக் கதைத்துப் பழகியவள் இல்லை, ஒருவரிடமும் ஒன்றைக் கேட்டும் பழகியவள் இல்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நீ வந்தால் பின்னால ஆர் நிக்கிறது?" என்றேன்.

"என்ன பெரியம்மா?"

"அந்தச் சுருட்டைத் தலை பிள்ளையோ? அவளுக்கு இடது கால் இன்னும் சுகமில்லை. மூண்டாம் காற்பகுதியில நொண்டினவள், நான் கண்டனான். உயரப் பந்துக்கு அவளால எழும்ப ஏலாது. மற்றப் பிள்ளை பந்தைப் பார்க்கிறாள் இல்லை, ஆளைப் பார்க்கிறாள். நீ நில்."

அவள், "அம்மா, பெரியம்மாக்கு எல்லாம் தெரியுது" என்று அங்கால் திரும்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"தாத்தாட திவசம், பெரியம்மா."

"தாத்தாவை நான் பார்த்துக்கொள்ளுறன். போய் உதட்டுக்கு ஐஸ் வை."

போனை வைத்தேன். இவ்வளவு வசனம் நான் ஒரே மூச்சில் கதைத்த நாள் வேறு எது என்று எனக்குத் தெரியாது. ராத்தா ஒரு கதிரையை இழுத்து என் பின்னால் வைத்தார்.

தங்கை தனியே வந்தாள். கணவர் மகளோடு நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை திவசத்துக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் "மகள் எங்க?" என்றுதான் முதலில் கேட்டார்கள். தங்கை தலையைக் குனிந்தாள். சின்ன வயதில் நான் தலையைக் குனிய அவள்தான் பதில் சொல்லுவாள்.

"அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை செமி பைனல்" என்று நான் சொன்னேன்.

"கிரிக்கெட்டோ?" என்று ஒரு சித்தப்பா கேட்டார்.

"அவுஸ்திரேலிய உதைபந்து. பின்னால நிக்கிறவள்."

"பின்னால நிண்டு என்ன செய்யிறது?"

"வாறதெல்லாத்தையும் மறிக்கிறது" என்றேன். சித்தப்பா அதைப் பெரிய விசயமாக ஏற்றுக்கொண்டு தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு யாரும் குறையாகக் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்தேன். ராத்தாவும் எடுத்துக்கொண்டு மூதூரில் இருந்து தோதல் இனிப்புக் கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் போனைச் சாத்திவைத்துவிட்டு இருந்தோம். பதினைந்து வருஷம் மெல்பேர்ணில் இருந்த என் தங்கைக்கு ஆட்டம் விளங்கவில்லை. மகள் விழுவதைப் பார்க்கப் பயந்து அவள் ஒருநாளும் மைதானத்துக்குப் போனதில்லை. எது ஆறு, எது ஒன்று, ஏன் இப்போது ஊதினார்கள் என்று திருகோணமலையில் இருந்துகொண்டு நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசி நிமிடத்தில் எங்கள் பிள்ளைகள் மூன்று புள்ளி பின்னால். பந்து எங்கள் கம்பங்களை நோக்கி உயரமாக வந்தது. என் பெறாமகள் எழும்பினாள். ஒரு பெண்ணின் தோளில் அவளுடைய முழங்கால் ஊன்றியது, மற்ற எல்லாருக்கும் மேலே அவள் ஒரு கணம் நின்றாள். ஆகாயத்தில் நின்றாள் என்றுதான் சொல்ல வேணும். தங்கை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இவளை நானோ பெத்தனான்?" என்றாள். மகள் பந்தைப் பிடித்து, இறங்கி, ஓடி, நீளமாக உதைத்தாள். பந்து ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு, அங்கிருந்து இன்னொருத்திக்கு என்று மைதானத்தின் மறு அந்தம் வரைக்கும் போனது. போன வருஷம் இரண்டு பேருக்குக் கூட ஒழுங்காகப் பந்து மாற்றத் தெரியாதவர்கள். அடிக்கப் போனவள் காலைத் தூக்கியபோது சங்கு ஊதியது.

மூன்று புள்ளி. ஆறில் பாதி.

பிள்ளைகள் நின்ற இடங்களிலேயே புல்லில் படுத்துவிட்டார்கள். பயிற்சியாளர் ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டபடி மைதானத்தைச் சுற்றி வந்தார். பிறகு வட்டமாக நிற்பாட்டி ஏதோ சொன்னார். தங்கையின் கணவர் போனுக்குள் குனிந்து மொழிபெயர்த்தார்: "கிட்ட வந்திட்டம் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாதாம். மூண்டு புள்ளி எங்க விட்டனாங்கள் எண்டு ஒவ்வொருத்தரும் வீட்ட போய் யோசிச்சுக்கொண்டு வரட்டாம். மாசியில பயிற்சி தொடக்கமாம்."

அன்று பின்னேரம் பெறாமகள் எடுத்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"பெரியம்மா, நான் ஒண்டு சொல்லோணும். வாற ஆவணியும் வர ஏலாது. அதுக்கு அடுத்த ஆவணியும் ஏலாது. நாங்க எல்லாரும் சின்ன ஆக்கள்தானே, இனித்தான் நல்லா விளையாடுவம். ஒவ்வொரு வருசமும் பைனல்ஸ்தான்."

"அப்ப இந்த மனுசி ஒன்ன எப்ப காணுற?" என்று ராத்தா குறுக்கே விழுந்து கேட்டார். "கெழவியானதுக்குப் பொறகா?"

"அவ வரட்டும்" என்றாள் பெறாமகள். "கம்பத்துக்குப் பின்னால நிண்டு பார்க்கட்டும். அப்பா பிடிக்கிற போனில ஒண்டும் தெரியாது."

நான் கொழும்புக்கு அப்பால் போகாதவள். அது வரைக்கும் போனதே இரண்டு தரம், இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. வராது, ஏலாது, எனக்கு இங்கிலீசு தெரியாது என்று நான் சொல்வதற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அந்த அணி போன வருஷம் நின்ற இடத்தையும் இப்போது நிற்கிற இடத்தையும் நான் நினைத்துப் பார்த்தேன். இந்தப் பிள்ளைகள் இனிக் கீழே இறங்கமாட்டார்கள். பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு அது தெரியும். அவளைக் காண வேணுமென்றால் போக வேண்டியவள் நான்தான்.

தங்கை திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முதல், நகரத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் ஸ்டூடியோவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கடவுச்சீட்டுப் படம் எடுக்க. படம் பிடிப்பவர் என்னைக் கதிரையில் இருத்தி, வெள்ளைத் திரையைச் சரிசெய்து, நாடியை உயர்த்தச் சொன்னார். நான் உயர்த்தினேன். இன்னும் கொஞ்சம் என்றார்.

"எந்த நாட்டுக்கு அக்கா? வேலைக்கோ?"

"அவுஸ்திரேலியாவுக்கு. மட்ச் பார்க்க" என்றேன்.

அவர் கமராவை இறக்கி என்னை நன்றாகப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இந்தப் படத்தில் சிரிக்கக்கூடாது என்று அவர்தான் சொல்லியிருந்தார்.